வெளிநாட்டுப் படிப்பு: பணத்தைக் காட்டுவதும் பணத்தோடு வாழ்வதும்

முதுகலைப் படிப்புக்காக நான் ஜெர்மனி போனேன். சில வருடம் கழித்துத் தம்பி பிரிட்டன் போனான். இரண்டு விண்ணப்பத்துக்கும் பணக் கணக்குப் பார்த்தது நான்தான். அதற்கப்புறம் சொந்தத்திலோ நட்பிலோ யார் வீட்டுப் பிள்ளை வெளிநாடு கிளம்பினாலும் ஃபைல் ஒருமுறை என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். நான் கன்சல்டன்ட் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் இத்தனை பேங்க் ஸ்டேட்மென்ட்டுகளை வரி வரியாகப் படித்ததில் ஒன்று பிடிபட்டுவிட்டது. விசா அதிகாரிக்குக் காட்டும் கணக்கும், அங்கே போய் வாழ்வதற்கான கணக்கும் தனித்தனி நோட்டில் எழுத வேண்டியவை. ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றும் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள்தான் திண்டாடுகிறார்கள்.

முதலில் அதிகாரிக்கான நோட்டு. பெரும்பாலான நாடுகள் ஒரு தொகையை நிர்ணயித்து வைத்திருக்கின்றன. நான் போனபோது ஜெர்மனி மாதம் 861 யூரோ வீதம் வருடத்துக்கு 10,332 யூரோ கேட்டது. 2023 ஜனவரியில் அது மாதம் 934 ஆனது. 2024 செப்டம்பரிலிருந்து 992, அதாவது வருடத்துக்கு 11,904. கனடாவில் வருடக்கணக்காக 10,000 டாலரிலேயே நின்றிருந்த தொகை, 2024 ஜனவரி 1 அன்று ஒரே தாவாக 20,635-க்குப் போனது. 2025 செப்டம்பர் 1 முதல் 22,895. ஆஸ்திரேலியா 2024 மே 10-லிருந்து 29,710 ஆஸ்திரேலிய டாலர் கேட்கிறது. அயர்லாந்துக்கு 10,000 யூரோ, நியூசிலாந்துக்கு 20,000 நியூசிலாந்து டாலர். இவை எல்லாமே ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு மட்டும். படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் தனி.

இந்த எண்களை மனப்பாடம் செய்து பயனில்லை. எப்படி ஏறியிருக்கின்றன என்று பார்த்தீர்கள் அல்லவா, அதுதான் முக்கியம். போன வருடம் போன சீனியர் சொன்ன தொகையை வைத்துத் திட்டம் போட்டவர்கள், தொகை மாறிய வாரத்தில் மீதிக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். கனடா போன்ற நாடுகளில் விண்ணப்பம் எந்தத் தேதியில் போய்ச் சேர்கிறதோ அந்தத் தேதிக்குரிய தொகைதான் கணக்கு. அதனால் எண்ணை அரசின் குடிவரவுத் தளத்தில்தான் பார்க்க வேண்டும். தயாரிப்பைத் தொடங்கும்போது ஒருமுறை, விண்ணப்பத்தை அனுப்பும் வாரத்தில் மறுபடி ஒருமுறை.

சரி, தொகை தெரிந்துவிட்டது, பணமும் இருக்கிறது. அப்புறமும் ஏன் நிராகரிக்கிறார்கள்? எந்தத் தொகையைப் பார்த்தாலும் அதிகாரியின் மனதில் மூன்று கேள்விகள் இருக்கும். இது யாருடைய பணம்? எங்கிருந்து வந்தது? மாணவர் கேட்கும் நேரத்தில் எடுக்க முடியுமா? நாட்டுக்கு நாடு படிவம் மாறும், இந்தக் கேள்விகள் மாறாது. நான் ஃபைலைப் பார்க்கும்போது தொகையைக் கடைசியில்தான் கூட்டிப் பார்ப்பேன். முதலில் ஒவ்வொரு தாளும் இந்தக் கேள்விகளில் எதற்குப் பதில் சொல்கிறது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவிடுவேன். எதற்கும் பதில் சொல்லாத தாள் வெளியே போய்விடும். வீட்டு மதிப்புச் சான்று, நிலப் பத்திரம், நகை மதிப்பீடு என்று ஃபைலைக் கனமாக்கிக்கொண்டு வருவார்கள். குடும்பத்தின் நிலையைக் காட்ட அவை ஓரளவு உதவலாம். ஆனால் வீட்டை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் கட்டணம் கட்ட முடியாது என்பது அதிகாரிக்குத் தெரியும்.

மூன்றாவது கேள்வியை எண்களாலேயே இறுக்கிக் கட்டியிருப்பது பிரிட்டன்தான். முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி, அதோடு வாழ்க்கைச் செலவுக்கு அதிகபட்சம் 9 மாதத் தொகை. இரண்டையும் கூட்டி வரும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். தம்பி போனபோது லண்டனுக்கு வெளியே மாதம் 1,023 பவுண்டு. 2025 ஜனவரியில் 1,136 ஆகி, அதே ஆண்டு நவம்பர் 11 முதல் 1,171 ஆகியிருக்கிறது, 9 மாதத்துக்கு 10,539. லண்டனுக்குள் என்றால் மாதம் 1,529. இந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் விழ வேண்டும்.

தம்பி ஃபோனில் இருப்பைக் காட்டினான். "அக்கா, தேவைக்கு மேலேயே இருக்கு, போதும்ல?" என்றான். இன்றைய இருப்பு போதும். நேற்று, முந்தாநாள், அதற்கு முந்தின வாரம்? ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து, மேலே ஒரு ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். கடைசிப் பத்தியில் இருக்கும் இருப்பை மட்டும் பார்த்தால் போதும். ஓரிடத்தில் ஸ்கேல் நின்றது. அப்பாவின் காப்பீட்டுத் தவணை தானாகவே கழிந்திருந்தது. அன்று மாலை இருப்பு தேவையான தொகைக்குக் கொஞ்சம் கீழே. அடுத்த நாளே வேறு பணம் வந்து சரியாகிவிட்டது, ஆனால் விதிக்கு அது பொருட்டில்லை. எந்த ஒரு நாளிலும் குறையக் கூடாது என்றால் குறையக் கூடாது. எண்ணிக்கையை அதற்கு அடுத்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கினோம். விண்ணப்பத் தேதி தள்ளிப்போனது. நல்லவேளை, கைவசம் நாள் இருந்தது.

அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்வது இது: விசாவுக்குக் காட்டப்போகும் பணத்துக்கு ஒரு கணக்கை ஒதுக்கிவிடுங்கள். அதில் தவணை, மின்கட்டணம், கார்டு பில் எதுவும் கழியக் கூடாது. சம்பளக் கணக்கையே காட்டினால் மாதம் முழுக்க நெஞ்சு படபடக்கும். விசாக் கட்டணத்தையும் மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணத்தையும்கூட வேறு கணக்கிலிருந்து கட்டுவது நல்லது. பிரிட்டனில் மாணவர்களுக்கு அந்த மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருட முதுகலைக்குக் கொடுக்கும் விசா ஒரு வருடத்தைத் தாண்டி நீள்வதால் பெரும்பாலும் 1,164 பவுண்டு வரும். விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். இதை 28 நாள் தொகைக்குள் யாரும் சேர்ப்பதில்லை, கடைசி நாளில் கண்ணைக் கட்டும்.

இன்னொரு விஷயம் நாணய மதிப்பு. உங்கள் பணம் வேறு நாணயத்தில் இருந்தால், பிரிட்டன் அதை விண்ணப்பத் தேதியில் ஓஆண்டா என்ற நாணய மாற்று இணையதளம் காட்டும் விகிதத்தில் மாற்றிப் பார்க்கிறது. சரியாக மட்டுமட்டாக வைத்திருந்து, விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் நாணயம் இரண்டு சதவீதம் இறங்கினால் அவ்வளவுதான். தேவைக்கு மேல் பத்து சதவீதமாவது வைக்கச் சொல்வேன். முடியாதவர்களுக்கு ஐந்து. மட்டுமட்டாக வேண்டவே வேண்டாம்.

பணம் ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருந்தால் உடைக்க வேண்டியதில்லை. முதிர்வுக்கு முன்பே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பேங்க் லெட்டர்ஹெட்டில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பங்குகள், பாண்டுகள், ஓவர்டிராஃப்ட் வரம்பு, கிரெடிட் கார்டு வரம்பு, கிரிப்டோ இவை எவ்வளவு இருந்தாலும் பிரிட்டனில் செல்லாது. மின்னணுப் பதிவு வைக்காத, கண்காணிப்புக்கு உட்படாத சின்ன நிதி நிறுவனத்தில் சேமித்து வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே ஒரு முறையான பேங்குக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றியபின் அந்த 28 நாளை எண்ண வேண்டும்.

அடுத்தது "எங்கிருந்து வந்தது". நிறையப் பேர் அசட்டையாக விடும் இடம் இது. ஆறு மாதமாகச் சின்ன இருப்பில் ஓடிக்கொண்டிருந்த கணக்கில் திடீரென்று ஒரு பெரிய தொகை விழுந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அதிகாரி கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது உத்தமம். நான் செய்வது எளிய வேலைதான். ஒரு பக்கத்தில் அட்டவணை போடுவேன். தேதி, தொகை, எங்கிருந்து, ஆதாரத் தாளின் எண். டெபாசிட் முதிர்ந்தது என்றால் முடித்த ரசீது. சொத்து விற்றது என்றால் விற்பனைப் பத்திரமும், வாங்கியவரின் பணம் வந்த வரியும். கடன் என்றால் ஒப்புதல் கடிதம். ஓய்வு பெற்றபோது வந்த பணம் என்றால் நிறுவனத்தின் கடிதம். வருமான வரித் தாக்கல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். வரித் தாளில் காட்டிய வருமானத்துக்கும் பேங்கில் இருக்கும் சேமிப்புக்கும் சம்பந்தமே இல்லாவிட்டால், மேலே எத்தனை சான்று அடுக்கினாலும் நிற்காது. கனடா பொதுவாகக் கடந்த நான்கு மாத ஸ்டேட்மென்ட்டைக் கேட்கிறது. ஆகவே அந்த நான்கு மாதமும் கதை ஒன்றாக ஓட வேண்டும். பணத்தை முதலில் நகர்த்துங்கள், விண்ணப்பத்தைப் பின்னால் போடுங்கள். தலைகீழாகச் செய்பவர்களுக்குத்தான் விளக்கக் கடிதம் நாலு பக்கத்துக்கு நீளும்.

யாருடைய பணம் என்பதில் நாடுகள் ரொம்பவே வேறுபடுகின்றன. பிரிட்டனில் மாணவரின் சொந்தக் கணக்கு, பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளரின் கணக்கு, துணைவரின் கணக்கு இவ்வளவுதான். சித்தப்பா, மாமா, கல்யாணமான அக்கா எவ்வளவு பாசமாக ஸ்பான்சர் கடிதம் கொடுத்தாலும் செல்லாது. அவர்கள் உதவ நினைத்தால் பணத்தை அப்பா அம்மா கணக்குக்கோ மாணவர் கணக்குக்கோ முறையாக மாற்றி, அன்பளிப்புக் கடிதம் கொடுத்து, அப்புறம் 28 நாள் எண்ண வேண்டும். பெற்றோர் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும், "என் பணத்தை இவன் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்று கையெழுத்திட்ட கடிதமும் சேர வேண்டும். அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் ஸ்பான்சர் செய்யலாம், ஆனால் உறவையும் வருமானத்தையும் விளக்க வேண்டும். ஜெர்மனியில் அங்கேயே வசிப்பவர் ஒருவர் குடிவரவு அலுவலகத்தில் முறைப்படி பொறுப்பேற்புப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். சும்மா ஒரு கடிதம் போதாது.

சான்றிதழ்களில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சரிபார்க்க மறக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பேங்கில் இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று என்றிருந்தால் "இவர் அவர்தான்" என்று நிரூபிக்கும் வேலையும் தலையில் விழும். பேங்கில் பெயரைத் திருத்தச் சில வாரம் ஆகலாம். படிப்புக்கு இடம் கிடைக்கும் முன்பே செய்துவிடக்கூடிய வேலை இது. மொழிபெயர்ப்பு தேவைப்படும் தாள்களுக்கும் அப்படித்தான்.

கல்விக் கடன் வாங்குபவர்கள் ஒப்புதல் கடிதத்தின் வாசகத்தைப் படிக்க வேண்டும். தொகையை மட்டும் பார்த்து ஃபைலில் வைத்துவிடக் கூடாது. மாணவரின் பெயர், தேதி, கடன் தருபவரின் விவரம், எந்தச் செலவுக்கு எவ்வளவு, எப்போது கைக்கு வரும் எல்லாம் இருக்கிறதா? பிரிட்டனுக்குக் கடன் கடிதம் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். "கொள்கை அளவில் ஒப்புதல்" என்ற வகைக் கடிதங்களை நம்பி எந்த நாட்டுக்கும் போக வேண்டாம். நடைமுறையில் இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும் கடன் தருபவர் கட்டணத்தை நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுவார். வாழ்க்கைச் செலவுக்கான பகுதி கேட்டுக் கேட்டுத்தான் வரும். அதனால் கடன் முழுமையாக இருந்தும் முதல் மாதம் கையில் காசில்லாமல் தவிப்பவர்கள் உண்டு.

ஸ்காலர்ஷிப் கடிதத்திலும் இதே கண்ணோட்டம்தான். எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, கட்டணத்தில் கழிவா கையில் வரும் பணமா, அடுத்த வருடம் தொடர மதிப்பெண் நிபந்தனை உண்டா. கடிதத்தில் இல்லாததை மின்னஞ்சல் போட்டுக் கேட்டு வாங்கலாம். கேட்டால் கொடுக்கிறார்கள்.

ஜெர்மனியின் முறை வேறு. அங்கே மாணவர்கள் வழக்கமாக பிளாக்டு அக்கவுன்ட் திறக்கிறார்கள். ஒரு வருடப் பணத்தையும் முன்பே போட்டுவிட வேண்டும், அங்கே போனபின் மாதாமாதம் நிர்ணயித்த தொகை மட்டும் வெளியே வரும். கணக்குத் திறக்க ஒரு கட்டணம், பராமரிக்க மாதக் கட்டணம். எனக்கு இந்த முறை பிடித்திருந்தது. பணம் அங்கேயே இருப்பதால் விளக்கம் சொல்லும் வேலை பாதிக்குப் பாதி குறைந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது பணம் போய்ச் சேரும் வழியை. பன்னாட்டுப் பரிமாற்றத்தில் நடுவில் வரும் பேங்குகளும் தங்கள் பங்கைக் கழித்துக்கொள்ளும். என்னோடு படித்த ஒருவருக்குப் பதினைந்து யூரோ சொச்சம் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சொச்சம் வரும்வரை பணம் முழுதாகச் சேர்ந்ததற்கான உறுதிச் சான்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதை அனுப்ப மறுபடி ஒரு பரிமாற்றம், மறுபடி கட்டணம். நான் அனுப்பும்போது எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் பொறுப்பு என்று படிவத்தில் குறித்தேன், மேலே 100 யூரோ சேர்த்தும் அனுப்பினேன். மிஞ்சியது முதல் மாதத் தொகையோடு என்னிடமே வந்து சேர்ந்தது.

அமெரிக்கா இன்னொரு மாதிரி. அங்கே முதல் சோதனையைப் பல்கலைக்கழகமே செய்துவிடுகிறது. முதல் வருடச் செலவுக்கு ஆதாரம் காட்டினால்தான், மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் ஐ-20 படிவம் வரும். அந்தப் படிவத்திலேயே செலவு எவ்வளவு, யார் கொடுக்கிறார்கள் என்று அச்சாகியிருக்கும். வெளிநாட்டு மாணவர்களைப் பதிந்து வைக்கும் அரசு அமைப்பான செவிஸுக்குக் கட்டும் 350 டாலர் தனி. நேர்காணல் சில நிமிடத்தில் முடிந்துவிடும், தாளைப் புரட்டக்கூட மாட்டார்கள். "செலவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டால் மாணவர் சொல்லும் பதிலும் ஐ-20-இல் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் வருட வருமானம் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம். வீட்டில் பணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதில்லை என்ற பழக்கத்தை அந்த ஒரு மாதத்துக்காவது தள்ளி வையுங்கள்.

"பேலன்ஸ் காட்ட மட்டும் பணம் வைத்துக் கொடுக்கிறோம், ஒரு மாதத்துக்கு இவ்வளவு வட்டி" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். போலி ஸ்டேட்மென்ட்டே அடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. விசா அலுவலகங்கள் பேங்கிடம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கின்றன. மாட்டினால் அந்த விண்ணப்பத்தோடு போகாது. பிரிட்டனில் 10 வருடத் தடை, கனடாவில் 5 வருடம், ஆஸ்திரேலியாவில் 3 வருடம். அமெரிக்காவில் பொய்த் தகவல் என்று முத்திரை விழுந்தால் ஆயுளுக்கும் பின்தொடரும். பெரும்பாலும் பெற்றோருக்கும் ஏஜென்ட்டுக்கும் நடுவில்தான் இந்த ஏற்பாடு நடக்கிறது, தடை விழுவது பிள்ளையின் பாஸ்போர்ட்டில். ஏஜென்ட் வைத்திருந்தாலும் அனுப்பிய ஃபைலின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் மாணவர் படிக்க வேண்டும். தர மறுக்கிற ஏஜென்ட்டிடம் தொடர வேண்டாம்.

இனி வாழ்வதற்கான நோட்டு. அரசு சொல்லும் மாதத் தொகை, சிக்கனமான மாணவருக்கான சராசரி மாதிரி. ஆனால் செலவு மாதாமாதம் சமமாக வருவதில்லை, முதல் ஆறு வாரத்தில் மொத்தமாக வந்து விழும். ஜெர்மனியில் எனக்கு நடந்த வரிசையைச் சொல்கிறேன். பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து பணம் வர அங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். அதற்கு முகவரிப் பதிவு கேட்டார்கள். முகவரியைப் பதிய வீட்டுக்காரரின் உறுதிப் படிவம் வேண்டும். அதற்கு நிரந்தரமான அறை கிடைத்திருக்க வேண்டும். அறை கிடைக்கும்வரை தற்காலிகத் தங்கல், அதன் வாடகையோ இரட்டிப்பு. ஆக, கணக்கில் வருடப் பணம் முழுசாக இருந்தும் கையில் கொண்டு போனதை வைத்துத்தான் முதல் வாரங்கள் ஓடின. அறைக்கு முன்பணம் சட்டப்படி வெப்பம் போன்ற கூடுதல் செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கலாம். அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமையும் வாடகைக்காரருக்கு உண்டு. அந்த உரிமையைப் பற்றி வீட்டுக்காரர் வாயைத் திறக்க மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். மாணவர் மருத்துவக் காப்பீடு இப்போது மாதம் 140 யூரோவைத் தாண்டுகிறது. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, கூட இருப்பவர்களோடு பிரித்துக்கொள்ளலாம். 992-இல் இவை போக மிச்சத்தில்தான் வாடகை, சாப்பாடு எல்லாம். பெரிய நகரமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும்.

அதனால் நான் போடச் சொல்லும் பட்ஜெட்டில் "இறங்கிய முதல் இரண்டு மாதம்" என்று தனி வரி இருக்கும். வாடகை முன்பணம், தற்காலிகத் தங்கல், படுக்கை, குளிருக்கான உடை, பாத்திரம், போக்குவரத்துப் பாஸ், பதிவுக் கட்டணங்கள். இந்தப் பணம் உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும். கொஞ்சம் ரொக்கமாகவும், மீதி இரண்டு வெவ்வேறு பேங்க் கார்டுகளிலும். ஒரு கார்டு மட்டும் வைத்திருந்து அது அந்நிய நாட்டில் முடங்கினால், உதவி எண்ணுக்கு ஃபோன் செய்யக்கூட உள்ளூர் சிம் இருக்காது.

பகுதிநேர வேலையைப் பட்ஜெட்டில் வரவாகப் போடாதீர்கள். அனுமதி இருக்கிறது, மறுக்கவில்லை. பிரிட்டனில் பட்டப் படிப்புகளுக்குப் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். அமெரிக்காவில் முதல் வருடம் வளாகத்துக்குள் மட்டும். ஆனால் வேலை எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்வு வாரத்தில் ஷிஃப்ட்டை விட முடியாமல் போகும். கிடைத்தால் அதை அவசரச் சேமிப்பில் போடுங்கள். விசா அதிகாரியிடம் "அங்கே போய் வேலை பார்த்துச் சமாளிப்பேன்" என்று சொல்வது தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது.

இரண்டாம் வருடக் கட்டணத்தைப் பற்றி முதல் வருடத்திலேயே யோசியுங்கள். வருமானம் ஒரு நாணயத்தில், கட்டணம் வேறொரு நாணயத்தில் என்றால் நடுவில் இருக்கும் ஏற்ற இறக்கம் முழுக்க உங்கள் தலையில். பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தை வருடா வருடம் உயர்த்தவும் செய்யும், சேர்க்கைக் கடிதத்தின் சிறிய எழுத்தில் அதற்கு இடம் இருக்கும். நானாக இருந்தால் இரண்டாம் வருடத்துக்கு இன்றைய விகிதத்தில் வரும் தொகையைவிடப் பதினைந்து சதவீதம் கூட்டி எழுதுவேன். ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரியும் எழுதுவேன். ஆய்வறிக்கை இழுத்துக்கொண்டே போவது சகஜம்.

கட்டணம் கட்டும்போது பல்கலைக்கழகத்தின் தளத்தில் லாகின் செய்து, அங்கே காட்டும் வழியில் மட்டும் கட்டுங்கள். மாணவர் எண்ணைக் குறிப்பில் எழுதுங்கள், இல்லாவிட்டால் பணம் போயும் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். "எங்கள் மூலம் கட்டினால் கழிவு உண்டு" என்று சமூக ஊடகத்தில் வருபவர்கள் திருட்டுக் கார்டில் கட்டிவிட்டு ரசீதை அனுப்புவார்கள். சில வாரத்தில் கார்டுக்காரர் புகார் செய்து பணம் திரும்பிப் போய்விடும். கட்டணப் பாக்கி உங்கள் பெயரில் அப்படியே நிற்கும், நீங்கள் அவர்களுக்குக் கொடுத்தது போனது போனதுதான். முன்பணம் கட்டுமுன் விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் என்பதையும் படித்துவிடுங்கள். பெரும்பாலும் வந்த கணக்குக்கேதான் திருப்புவார்கள். அதனால் யாருடைய கணக்கிலிருந்து கட்டுகிறோம் என்பது அப்போதே யோசிக்க வேண்டிய விஷயம்.

விசா வாங்கி அங்கே காலூன்றிவிட்டால் பணத்தைக் காட்டும் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது. ஜெர்மனியில் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடி ஆதாரம் கேட்டார்கள். நான் சில மாத ஸ்டேட்மென்ட், ஆராய்ச்சி உதவியாளர் வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று எல்லாம் கொடுத்தேன். மாதாமாதம் பணம் வருவது கணக்கில் தெரிந்ததால் கேள்வி வரவில்லை. ரொக்கமாகக் கையில் வாங்கி ரொக்கமாகவே செலவழித்த ஒரு நண்பருக்கு அதே சந்திப்பு நீண்டுகொண்டே போனது. பணம் இருந்தது, தடம் இல்லை.

நடுவில் குடும்ப வருமானம் நின்றுபோவதும் உண்டு. அப்பாவின் தொழில் படுத்துவிட்டது என்று ஒரு தோழி பருவக் கட்டணத்துக்கான கடைசித் தேதிவரை யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். கட்டணப் பாக்கிக்காகப் பெயரை நீக்கினால் பல நாடுகளில் பல்கலைக்கழகம் அதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், விசா கையைவிட்டுப் போகும். நாங்கள் பிடித்துத் தள்ளாத குறையாக அவளை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். வெறுங்கையோடு போகவில்லை. மூன்று மாத ஸ்டேட்மென்ட், வீட்டிலிருந்து ஒரு கடிதம், எந்த மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று அவளே போட்ட ஒரு பக்கக் கணக்கு. முதல் தவணையை அன்றே கட்டச் சொன்னார்கள். மீதியை மாதத் தவணையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். நெருக்கடி நிதி என்று ஒன்று இருப்பதும், அதற்கு வெளிநாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்த விண்ணப்பத்துக்கு அவர்கள் கேட்டதும் கடந்த மூன்று மாத ஸ்டேட்மென்ட்டைத்தான், அதில் பெரிய வரவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விளக்கத்தோடு.